மாமா வீட்டு ராஜா படம்

வெள்ளைக்காரன் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. இன்று மாமாவையும் அத்தையையும் ஆட்டையாம்பட்டியிலிருந்து சேலத்துக்கு, படங்களுக்குச் சட்டம் போடும் பாய் கடைக்குக் கூட்டிப்போனேன். வீட்டில் தொங்கிய இங்கிலாந்து ராஜா படத்தின் மேலேயே பாரதமாதாவை வைத்துத் தர வேண்டுமாம்.

"ராஜாவ எடுத்துடலாமா?" என்றார் பாய்.

"வேண்டாங்க பாய், அடியிலயே இருக்கட்டும். ராஜாங்கம் செக்கு மாடு மாதிரிங்க. போனது சுத்திக்கிட்டு திரும்ப வரும்" என்றார் மாமா. பஸ்ஸிலும் வழியெல்லாம் இதே பேச்சுதான்.

"என்னங்க இந்தக் கனம் கனக்குது?" என்றபடி பாய் ஆணிகளைப் பிடுங்கிச் சட்டத்தைத் தூக்கினார்.

ராஜாவுக்கு அடியில், பட்டத்தை விட்டுப்போன அவர் அண்ணன். அண்ணனுக்கு அடியில் அப்பா. அப்பாவுக்கு அடியில் தாத்தா. மாமா ஒருவரையும் கைவிடவில்லை.

தாத்தாவையும் எடுத்தால், முகம் பார்க்கும் கண்ணாடி!

அத்தை எழுந்துவிட்டார். "ஏனுங்க, இது எங்கப்பன் சீராக் குடுத்ததுங்க! ஒடஞ்சு போச்சுன்னு சொன்னீங்களே?"

மாமா தெருவைப் பார்த்தார். "அன்னைக்கு தாசில்தார் ஊட்டுக்கு வாரேன்னாரு. ராஜா படம் மாட்ட வேற நல்ல சட்டம் இல்ல புள்ள."

அத்தை முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். குனிந்து, பொட்டைச் சரிசெய்துகொண்டார். அப்புறம் நிமிரவே இல்லை.

"பாரதமாதாவுக்கு வேற சட்டம் போடுங்க பாய்" என்றார் மாமா மெதுவாக.

பாய் சிரிக்காமல் சொன்னார்: "நீங்க சொன்னது சரிதாங்க. போனது திரும்ப வந்துருச்சு."

உங்கள் வீட்டு ராஜாவையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். அடியில் யாருடைய கண்ணாடி இருந்தது என்று எனக்கும் சொல்லுங்கள்.