எச்சில் தொட்டுப் புரட்டிய பேரேடு

விரலை நாக்கில் தொட்டுத் தாள் புரட்டுகிறவர்களைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டும். பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர் பக்கத்தில் உட்காரமாட்டேன். இது ஒரு வியாதி என்பாள் என் மனைவி. இருக்கட்டும். அந்த வியாதி எனக்குத் தொற்றிய இடம் தர்மபுரியில் ஒரு புளி மண்டி.

அறுபதுகளின் கடைசியில், எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு அக்கவுண்டன்சி படிக்கப் போனேன். எங்கள் ஊர் பாப்பாரப்பட்டிக்குப் பக்கம். ஊரை விட்டுத் தள்ளித் தனியாக இருக்கிற தெரு எங்களுடையது. தெரு முழுக்க வேதக்காரர்கள் என்கிற கிறிஸ்தவர்கள், தெரு முழுக்கக் கூலிக்காரர்கள். அப்பா இல்லை. அம்மா கேழ்வரகுக் காட்டில் களை வெட்டி என்னைப் படிக்க வைத்தாள். அரசாங்கப் பரீட்சையில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்து, எங்கேயாவது கணக்கு எழுதிய அனுபவம் உண்டு என்று ஒரு கடிதமும் கையில் இருந்தால் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா வேலை கிடைக்கும் என்றார்கள். எங்கள் தெருவில் அதுவரை யாரும் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியதில்லை.

தர்மபுரியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் பின்னறையில் வகுப்பு. பாடம் பூராவும் இங்கிலீஷ். "டெபிட் த ரிசீவர், கிரெடிட் த கிவர்" என்று வாத்தியார் ராகம் போடுவார், நாங்கள் திருப்பிப் பாடுவோம். புத்தகத்தில் வருகிற வியாபாரிகள் எல்லோரும் கப்பலில் சரக்கு அனுப்புகிற வெள்ளைக்காரர்கள். நாங்கள் கப்பலையும் பார்த்ததில்லை, சரக்கையும் பார்த்ததில்லை. லோயரை மனப்பாடத்திலேயே கரையேற்றிவிட்டேன். ஹையரில் மனப்பாடம் செல்லவில்லை, ஃபெயில் ஆனேன்.

"நெசமான கணக்கு எழுதாம ஹையர் வராதுப்பா. எங்கியாச்சும் போய் உக்காந்து எழுது" என்று வாத்தியார்தான் அந்த மண்டிக்கு அனுப்பிவைத்தார்.

மண்டி முதலாளிக்கு விற்பனை வரி ஆபீசில் காட்ட இங்கிலீஷ் முறைக் கணக்கு வேண்டியிருந்தது. சம்பளம் கொடுக்க மனசில்லை. "ஒரு வருசம் எழுது. மார்ச்சுல கணக்க முடிச்சுக் குடு, லெட்டர் தர்றேன்" என்றார். அதற்குப் பிறகுதான் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"செரி, அந்த மூலைல உக்காரு."

மறுநாள் போனபோது பின்கதவுக்குப் பக்கத்தில், சுவரில் இருந்த பொந்தில், எனக்கென்று ஒரு அலுமினிய டம்ளர் வந்திருந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் பானையில் சொம்பை விட்டு மொண்டு குடிப்பார்கள். எனக்கு மட்டும் யாராவது மொண்டு, டம்ளரில் சொம்பு படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். ஊற்றுவதற்கு ஆள் வருகிறவரைக்கும் டம்ளரோடு நிற்க வேண்டும். அந்த வயதில் எனக்குத் தாகம் அதிகம்.

முதலாளி பெரிய சுத்தக்காரர். இரண்டு வேளையும் குளிப்பார். தராசுத் தட்டைத் துணியால் துடைத்த பிறகுதான் எடை போடவிடுவார். "சுத்தம் சோறு போடும்" என்பார் வாய்க்கு வாய். எனக்கு ஒரு நாளும் அது சோறு போடவில்லை. இந்தச் சுத்தக்காரர் வாயில் எந்நேரமும் வெற்றிலை. கட்டைவிரலை நாக்கில் அழுத்தி, அந்தச் சாற்றோடுதான் பேரேட்டைப் புரட்டுவார். பக்கத்துக்குப் பக்கம் கீழ்மூலை சிவந்து, பிறகு கறுத்து, காய்ந்த தோல் மாதிரி விறைத்திருக்கும். அதன் மேல் புளித்தூசி படிந்து தாளோடு தாள் ஒட்டிக்கொள்ளும்.

முதலில் பேனாக் கட்டையால் நெம்பித்தான் புரட்டினேன். ஒரு தாள் கிழிந்துவிட்டது.

"எச்சி தொட்டுப் பொரட்டுடா! கை என்னா பூவா?" என்று கத்தினார்.

தொட்டுப் புரட்டினேன். அடுத்த தாளுக்காக விரல் திரும்ப வாய்க்குப் போனபோது நாக்கில் புளிப்பு ஏறியது, சுண்ணாம்பு ஏறியது, அதற்கடியில் அவருடைய வாய். பின்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். கொஞ்ச நாளில் வாந்தி நின்றது. ருசி நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசையில் நன்மை அப்பம் வாங்க நாக்கை நீட்டினால் அங்கேயும் அந்த வெற்றிலைக் காரம்தான் முந்திக்கொண்டு வந்தது. சாமியார் கை என் நாக்கருகில் வரும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வேன். பக்தி என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

அவளிடம் ஒருமுறை சொன்னேன். "எச்சிலாவது ஒண்ணாவது! நான் அள்ளாத சாணியா? வாயக் கட்டிகிட்டு இரு, காயிதம் கைக்கு வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் களி கிண்டப் போய்விட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை. கடிதம் இல்லாவிட்டால் அவளோடு நானும் மண்வெட்டி எடுக்க வேண்டியதுதான்.

அதற்காகத்தான் வாயைக் கட்டிக்கொண்டு எழுதினேன். கணக்கும் பிடிபட்டது. கப்பல் சரக்கில் புரியாதது புளி மூட்டையில் புரிந்தது.

மார்ச் வந்தது. புளி வரத்து உச்சத்தில் இருந்த சமயம். எல்லோரும் தெருவில் வண்டியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தொண்டை வறண்டு ஒட்டிக்கொண்டது. டம்ளரை வைத்துக்கொண்டு நின்று பார்த்தேன். யாரும் வருகிற மாதிரி இல்லை. நானே சொம்பை எடுத்து மொண்டு, அண்ணாந்து, உதட்டில் படாமல்தான் குடித்தேன். முதலாளி வாசலில் நின்று பார்த்துவிட்டார்.

"யார்ரா உன்னத் தொடச் சொன்னது? எடுங்கடா அந்தப் பானைய! தெருவுல கொட்டுங்க!"

மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் வந்து பானையைத் தூக்கித் தெருவில் கவிழ்த்தார். சொம்பைப் புளி போட்டுத் துலக்கச் சொன்னார் முதலாளி. புளிக்கு அங்கே பஞ்சமில்லை. நான் மூலையில் நின்றேன். அவர் மூச்சு வாங்க வந்து மேஜை முன்னால் உட்கார்ந்து, நான் எழுதிக்கொண்டிருந்த பேரேட்டை இழுத்தார். காலையிலிருந்து நான் தொட்டுத் தொட்டுப் புரட்டிக்கொண்டிருந்த பேரேடு. மூலைகளில் ஈரம்கூடக் காயவில்லை. கட்டைவிரலை நாக்கில் வைத்தார், புரட்டினார். மறுபடி நாக்கில் வைத்தார், புரட்டினார்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாதக்கணக்காக அவர் எச்சில் என் வாய்க்குள் போவதைத்தான் நினைத்து நினைத்துக் குமட்டினேனே தவிர, என் எச்சில் அவர் வாய்க்குள் போவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். இவ்வளவு நாளும் அதைச் சப்புக்கொட்டித் தின்றுகொண்டிருந்த மனுஷன் என் கை பட்ட தண்ணீரைத் தெருவில் கொட்டுகிறான். அந்த நிமிஷம் எனக்கு வந்தது கோபம் இல்லை. சுத்தமான அருவருப்பு. அழுகிய பழத்தை மிதித்துவிட்ட மாதிரி உள்ளங்கால் வரை கூசியது.

"மொதலாளிங்க, அந்தப் பக்கமெல்லாம் காலைலருந்து நான் எச்சி தொட்டுப் பொரட்டினதுங்க" என்றேன்.

கட்டைவிரல் பாதி வழியில் நின்றது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேரேட்டைப் பார்த்தார். எழுந்து வாய் கொப்பளிக்கப் பின்பக்கம் ஓடினார். பானை காலி. அவரே கொட்டச் சொன்ன பானை. காறிக் காறித் துப்புகிற சத்தமும், பிறகு பக்கத்துக் கடையில் தண்ணீர் கேட்கிற குரலும் கேட்டன. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். கடிதம் போச்சு என்ற பயத்தில் வரவில்லை.

அன்றிரவு நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். காலையில், "எதுக்கும் போய்ப் பாரு" என்றாள்.

போனேன். வெளியே போடா என்று அவர் சொல்லவில்லை. வருஷக் கணக்கு பாதியில் நிற்கிறது, சம்பளமில்லாத ஆள் வேறு எங்கே கிடைப்பான்? என் மூலையில் காது உடைந்த ஒரு பீங்கான் கோப்பை இருந்தது. அதில் நனைத்த துணி.

"இனிமே நீ இதுல தொட்டுப் பொரட்டு. வாய்ல வெக்காத."

நான் வாய் திறந்து பேசியதற்குக் கிடைத்த நியாயம் இதுதான். முன்பு டம்ளர் ஒன்று, இப்போது கோப்பை ஒன்று. அவர் மட்டும் வழக்கம்போல நாக்கிலேயே தொட்டுக்கொண்டார். அலமாரியில் இருந்த பழைய பக்கங்களை அவரால் கழுவ முடியாது, துலக்கவும் முடியாது. அவற்றையும் நக்கி நக்கித்தான் புரட்டினார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பார்களே, அந்தக் கதை.

மாதக் கடைசியில் கணக்கை முடித்துக் கொடுத்தேன். கடிதம் எழுதினார். அதற்குக் குறை சொல்ல முடியாது, நன்றாகவே எழுதினார். உறைக்குள் போட்டு, ஒட்டுகிற இடத்தை நாக்கால் ஒரு இழு இழுத்து, மூடி, என் முன்னால் மேஜையில் போட்டார். அவர் எச்சில் எனக்கு ஆகும் போலிருக்கிறது. நுனியைப் பிடித்து எடுத்துக்கொண்டேன்.

"அந்தக் கோப்பை, டம்ளரு ரெண்டையும் எடுத்துகிட்டுப் போயிரு. இங்க யாரு அதத் தொடறது?"

டம்ளரை பஸ் ஸ்டாண்டு சாக்கடையில் வீசினேன். கோப்பையையும் வீசத்தான் கை ஓங்கினேன். ஆனால் வாய்க்குப் போகாமல் தாள் புரட்ட விரல் பழகியது அதில்தான். பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஹையர் பாஸானேன். பென்னாகரம் பக்கம் ஒரு சங்கத்தில் வேலையும் கிடைத்தது. முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்ததும் கோப்பையில் துணியை நனைத்து, மேஜையின் கடைசி ஓரத்தில், யார் கையும் படாத இடமாகப் பார்த்து வைத்தேன். அப்படி வை என்று அங்கே எனக்கு யாரும் சொல்லவில்லை.

பக்கத்து நாற்காலியில் வயதான ஒரு குமாஸ்தா. நான் எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தலையை நிமிர்த்தாமல் எட்டிக் கையை நீட்டி, என் கோப்பையில் விரலைத் தொட்டு, தன் பேரேட்டில் பக்கம் புரட்டினார்.

"சார், அது என்னுதுங்க" என்று பதறிவிட்டேன்.

"அய்யோ, தண்ணிய நானே தீத்துட்டனா? இருப்பா" என்று எழுந்தார். கோப்பையைக் கொண்டுபோய் எல்லோரும் குடிக்கிற பானையிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, இரண்டு மேஜைக்கும் நடுவில் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலம் வரை நான் போட்ட கூட்டல் ஒன்றுகூட நேராக வரவில்லை.