ஞாயிற்றுக்கிழமைக் கூறு

காலைச் சாப்பாட்டுக்கு இட்லியும் கறிக்குழம்பும் உசத்தியா, களியும் தலைக்கறியும் உசத்தியா என்று கேட்டுவிட்டால் போதும், விழுப்புரத்து ரயில்வே லைன் வீடுகளில் அந்தக் காலத்தில் பேச்சு லேசில் ஓயாது. சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய வீடுகள்; வீட்டுக்கு ஓர் ஊர்க்காரர். பாண்டிச்சேரிக்காரர் வீட்டில் விடிகாலையில் ஆட்டுக்கால் சாறு வைத்து அதில் ரொட்டியைத் தோய்த்துத் தின்பார்கள். மற்ற வீட்டுப் பெண்கள் அதைப் பார்த்து முகவாயில் கைவைத்துக்கொள்வார்கள். திருவாமாத்தூர்ப் பக்கத்தவரான என் அப்பாவுக்கோ, கேப்பைக் களியின் நடுவே குழி பறித்துக் குடல் குழம்பை ஊற்றினால்தான் பொழுது விடிந்ததாக அர்த்தம். என் அம்மா திண்டிவனத்துக்குப் பக்கம், கிளியனூர் போகிற வழியில் பிறந்தவள். அங்கே கூழுக்குச் சுட்ட உப்புக்கண்டம். எதையும் நெருப்பில் வாட்டித் தின்கிற ஊர் அது. "அவுங்க ஊர்ல நெருப்பு கண்டுபுடிச்சதோட நிறுத்திக்கினாங்க, சட்டி இன்னும் வரல" என்று அப்பா சொல்வார். அன்றைக்கு அம்மா கிண்டும் களி மட்டும் கொஞ்சம் கட்டியாக இருக்கும்.

யுத்த காலம் அது. அரிசிக்கு வரிசையில் நின்ற நாட்கள். ஆனாலும் பண்டிகை வந்தால் லைன் வீடுகள் சேர்ந்து ஓர் ஆடு வாங்குவது உண்டு. இருட்டோடு கறிக்கடை பாய் வந்து அறுத்துக் கொடுப்பார். தையல் இலைகளை வரிசையாகப் பரப்பி, சதை, எலும்பு, ஈரல், கொழுப்பு என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்து, வீட்டுக்கு ஒரு கூறு போடுவார்கள். எந்தக் கூறு யாருக்கு என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கூடாது. ஒரு குழந்தையைக் கூறுகளுக்கு முதுகு காட்டி நிற்க வைப்பார்கள். ஒருவர் கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். குழந்தை வாயில் வந்த வீட்டைச் சொல்லும். குழந்தை வாக்குக்கு அப்பீல் கிடையாது.

அந்தக் குழந்தை நான்தான். பால்பல் விழுந்துகொண்டிருந்த வயது. அம்மாவின் தம்பியான என் மாமா, எஞ்சினில் கரி தள்ளும் வேலைக்காரர், எங்கள் வீட்டில்தான் இருந்தார். என்னைத் தூக்கக் கலக்கத்தோடு வாரித் தோளில் போட்டுக்கொண்டு போவார். சட்டையில் கரி வாசனை. வீடுகளுக்குப் பின்னால் பெரிய தூங்குமூஞ்சி மரம் இலைகளை மூடிக்கொண்டு இன்னும் தூங்கும். நான் தண்டவாளத்தைப் பார்த்து நிற்பேன். பனிக்குள் ஏதோ ஓர் எஞ்சின், கண்ணுக்குத் தெரியாமல், பெரிய மாடு மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். முதுகுக்குப் பின்னாலிருந்து "இது யாருக்கு?" என்று குரல் வரும். பனியிலிருந்து ஒரு வீடு மிதந்து வந்து என் நாக்கில் உட்காரும். "பாண்டிக்காரர் வூடு" என்பேன். நான் சொன்னேனா, பனி சொன்னதா, எனக்கே தெரியாது.

அதே வரிசையின் கடைசி வீட்டில் என் சித்தி இருந்தாள், அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. சித்தப்பாவுக்கும் ரயில்வேதான். ஆனால் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. காரணம் ஓர் ஆட்டுத் தலை. அம்மா பிறந்த வீட்டுக் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டியபோது தலைக்கறி மரியாதை மூத்த சகலையான தனக்குத்தான் என்று அப்பா இருந்திருக்கிறார். சித்தப்பா முந்திக்கொண்டு எடுத்துப் போய்விட்டார். ஆடு செத்தது, அதோடு உறவும் செத்தது. அந்த வீட்டிலிருந்து நெருப்புத்துண்டு கூட வாங்கக் கூடாது, கொடுக்கவும் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். சித்தப்பாவும் சளைத்தவரா? தன் வீட்டுக்காக எவனாவது பரிந்து பேசினால் காலை ஒடிப்பேன் என்றார்.

இப்படியிருக்கும்போதுதான் சித்திக்குப் பிரசவம் ஆயிற்று. குழந்தை நன்றாக இருந்தது. சித்திதான் எழவில்லை. உதிரம் நிறையப் போய், வெளுத்து, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி படுத்திருந்தாள். பிள்ளை பார்த்த மருத்துவச்சி, சுவரொட்டி கொடுத்து ரத்தம் ஊற வைக்காவிட்டால் தாயும் தங்காது, பாலும் தங்காது என்று சொல்லிப் போய்விட்டாள். சுவரொட்டி என்றதும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சினிமா நோட்டீஸ் என்பார்கள். நான் சொல்வது ஆட்டின் மண்ணீரல். ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான். கடைத்தெருவில் அது தொங்குவதற்கு முன்பே பெரிய வீடுகளுக்குப் போய்விடும்.

அந்த வாரத்திலிருந்து என் மாமாவுக்குத் திடீரென்று கறிமேல் ஆசை வந்தது. வீடு வீடாகப் போய், ஞாயிறுதோறும் ஆடு போடலாம் என்று ஆள் சேர்த்தார். "மச்சானுக்கு நாக்கு முழ நீளம் ஆயிப்போச்சு" என்றார் அப்பா. முதல் ஞாயிறு என்னைத் தூக்கிப் போகும்போது மாமா காதோடு சொன்னார்:

"பாப்பா, நான் இருமினா கடைசி வூடுன்னு சொல்லணும். இருமற வரைக்கும் அந்த வூட்ட வாயில எடுக்கக் கூடாது. யார்கிட்டயும் சொல்லிக்கினு திரியாத."

"இன்னாத்துக்கு மாமா?"

"சொன்னா பல்லு மொளைக்காது."

பல் விஷயமாயிற்றே, நான் மூச்சு விடவில்லை. கூறு தொட்ட மாமா ஓர் இலை வந்ததும் இருமினார். நான் சொன்னேன். சுவரொட்டி இருந்த கூறு கடைசி வீட்டுக்குப் போயிற்று. அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்ததும். அப்பா கையைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்பார். "கொழந்த வாக்கு, தெய்வ வாக்கு" என்று மாமா மேலே கையைக் காட்டுவார். இத்தனை பெரியவர்களில் ஒருவர்கூட, அதெப்படி ஒரே வீட்டுக்குப் போகிறது என்று கேட்கவில்லை. பாய் மட்டும் கத்தியைத் துடைத்துக்கொண்டே, "ஜல்தி எடுத்துக்கினு போங்கப்பா, சூடு ஆறிடப் போவுது" என்பார். உலகத்திலேயே நானும் மாமாவும்தான் புத்திசாலிகள் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்குத்தான் கோபம் என்று எனக்குத் தோன்றியது. கூறு வீடு வந்ததும் பின்வாசலில் நின்று, கடைசி வீடு வரைக்கும் கேட்கிற குரலில், எங்கள் கோழியிடம் பேசுவாள். நேருக்கு நேர் பேச முடியாதவர்களுக்குக் கோழியும் காக்காயும்தானே துணை.

"ஏ கோயி, உனக்குச் சேதி தெரியுமா? சுவரொட்டிய மல்லாட்டை எண்ணெயில போட்டு வெங்காயத்தோட வதக்குறாங்களாம் விழுப்புரத்து மகராசங்க! அது சக்கை! ஈர்க்குல குத்தி நெருப்புல வாட்டணும். உப்பும் மொளகும் தடவி, பல்லு வெளக்கின கையோட, வெறும் வயித்துல தின்னணும். அப்பத்தான் ரத்தம் ஊறும். ஆம்பள சமையலு, யார் சொல்றது இதுக்கு!"

கடைசி வீட்டில் அடுப்படி அப்போது சித்தப்பா கையில். அங்கிருந்து ஒரு காக்காயிடம் சொல்கிற மாதிரி பதில் வந்தது: "ஏ காக்கா, இங்க யாருக்கும் காது செவுடு இல்லன்னு போய்ச் சொல்லு."

அடுத்த ஞாயிறு அந்தப் பக்கமிருந்து சுடுகிற வாசனை வந்தது. மிளகு கருகும் வாசனை. அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். ஆடு பகை, குட்டி உறவு என்பார்கள். எங்கள் லைனில் ஆடும் பகை, குட்டியும் பகை, வாசனை மட்டும் உறவு.

பிறகு ஒரு வாரம் சித்திக்குக் காய்ச்சல் கண்டது. உட்கார வைத்தால் சாய்ந்துவிடுகிறாள் என்று தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து மாமாவுக்குத் திருச்சிப் பக்கம் வண்டி போட்டுவிட்டார்கள். அன்று என்னைத் தூக்கிப் போக யாரும் வரவில்லை. அப்பா கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். கூறு தொடப் போவது யார் என்று பாய் கேட்டார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நானே தொடறேன்" என்றார் அப்பா.

மாமா இல்லை, இருமல் எங்கிருந்து வரும்? இருமல் வராமல் கடைசி வீட்டைச் சொன்னால் பல் போச்சு. சொல்லாவிட்டால்? பனி அன்றைக்கு அடர்த்தியாக இருந்தது. எஞ்சின் சத்தம்கூட இல்லை. "இது யாருக்கு?" அப்பாவின் குரல். பாண்டிக்காரர் வீட்டைச் சொன்னேன். "இது யாருக்கு?" வேப்பமரத்து வீட்டைச் சொன்னேன். ஒவ்வொரு வீடாகப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் எங்கள் வீடும் கடைசி வீடும்தான் மிச்சம். மரத்திலிருந்து பனி சொட்டுகிற சத்தம் கேட்டது.

அப்புறம் அப்பா இருமினார்.

"இது யாருக்கு?"

அப்பாவுக்கு இந்தச் சங்கதி தெரியாதே, இது நிஜ இருமல் ஆயிற்றே என்று மனசு சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பழகின நாக்கு "கடைசி வூடு" என்றுவிட்டது.

பின்னால் அப்பா ஒரு பையனை அதட்டினார். "இன்னாடா பாத்துக்கினு நிக்கிற? கொழந்த சொல்லிட்டுது. கொண்டுபோய்க் குடு. சீக்கிரம் போ." எங்கள் கூறை அவரே எடுத்துக்கொண்டு விடுவிடென்று நடந்தார். நான் பின்னால் ஓடினேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன், விழவில்லை.

அம்மா இலையைப் பிரித்துப் பார்த்தாள், சுவரொட்டி இல்லை. என்னைப் பார்த்தாள். "அப்பாவுக்கு ஜலதோஷம்மா, இருமினாரு" என்றேன், எதையாவது சொல்லவேண்டுமே என்று. அம்மா கறியை அப்படியே மூடி வைத்துவிட்டு, சுக்கும் மிளகும் திப்பிலியும் தட்டிக் கஷாயம் போட்டாள். ஒரு சொம்பு நிறைய.

"இன்னாத்துக்கு இது?" என்றார் அப்பா.

"இருமுனீங்களாமே."

கஷாயம் என்றால் ஸ்டேஷன் வரைக்கும் ஓடுகிற மனுஷன், அன்றைக்கு வாங்கி மடக்மடக்கென்று குடித்தார். சொம்பைக் கவிழ்த்துக் காட்டினார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மிளகு தட்டின கை பட்டிருக்கும் என்று நினைத்தேன். பிறகு களி கிண்டி, நடுவில் குழி பறித்து, குழம்பை ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். களி பஞ்சு மாதிரி இருந்தது.

சித்தி பிழைத்தாள். நெல் அறுப்புக் காலத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்கு வந்து நின்றாள். சகலைகள் இருவரும் மட்டும் அதற்கப்புறமும் வெகு வருஷம் பேசிக்கொள்ளவில்லை.

அன்று இரவும் மறுநாள் இரவும் நான் அப்பாவின் முதுகில் காதை வைத்துக் கேட்டேன். இருமல் இல்லை, நெஞ்சில் ஒரு கரகரப்புகூட இல்லை. ஒரே சொம்பில் ஜலதோஷத்தை வேரோடு பிடுங்கிவிட்ட அம்மாவின் கஷாயத்தைப் பற்றித்தான் அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.