லின்யாவுக்கு ஸ்கெலட்டனில் பாலாபிஷேகம்

காலை ஒன்பது மணிக்குக் கோலார் தங்கவயலில், கோரமண்டல் நிலையத்தில் இறங்கினேன். பங்காருப்பேட்டையிலிருந்து ரயிலுக்குப் பத்து ரூபாய். ஸ்கெலட்டன் என்ற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு வரை ஆட்டோவுக்கு எண்பது. "இன்னா மேடம், சீனாக்காரி ஃபங்ஷனுக்கா?" என்றார் ஓட்டுநர். அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது.

என்னை அழைத்தவள் ரேவதி. பெங்களூரில் என்னோடு வேலை பார்ப்பவள். தினமும் இங்கிருந்து போய்வருவதால் பாதி நாள் ரயிலில்தான் குடித்தனம். அந்த ரயிலில் காதில் விழுந்த ஒரு குரலைப் பிடித்துக்கொண்டு சீனமே கற்றுக்கொண்டுவிட்டாள். குரலுக்குச் சொந்தக்காரர் லின்யா. மலேசியாவில் ஈயச் சுரங்கத் தொழிலாளியின் மகள். கல்யாண விருந்துகளில் பாட ஆரம்பித்து, தைப்பேயில் ஆல்பம் போட்டு, ஹாங்காங் படங்களில் முதலில் கதாநாயகியின் தோழி, பிறகு கதாநாயகி. நடுவில் தொண்டையில் அறுவை சிகிச்சை. கொஞ்ச காலம் பேச்சே இல்லை. இனி அவ்வளவுதான் என்று எழுதியவர்கள் மூக்கில் விரல் வைக்க, கட்டைக் குரலோடு திரும்பி வந்து முன்னைவிடப் பெரிய ஆளானார்.

அன்று அவர் பிறந்தநாள். மாலையில் கோலாலம்பூரில் கச்சேரி. ரசிகர்கள் அனுப்பும் வாழ்த்து வீடியோக்களில் சிலவற்றை மேடைத் திரையில் காட்டுவார்களாம். அதில் தங்கவயலும் வரவேண்டும் என்பதுதான் ரேவதியின் ஆசை. அதற்காக ஒரு மாதமாகத் தூங்கவில்லை என்றாள்.

நம்மவர்களுக்கு ரசிகர் மன்றம் நடத்தச் சொல்லித்தரவா வேண்டும்? ஆளுயர ஃபிளெக்ஸ். "கிளாஸா இருக்கட்டும்" என்று கறுப்பு வெள்ளைப் படம். அதற்குக் குண்டுமல்லி மாலை, கீழே கட்டுக்கட்டாய் ஊதுபத்தி. மேளம் அதிர, குடத்தில் பால் கொண்டுவந்து ஊற்றினார்கள். நானும் ஒரு சொம்பு ஊற்றினேன். ரேவதி வீடியோவை ஏற்றினாள்.

பதினொரு மணிக்குப் பதில்கள் கொட்டின. எல்லாம் அழுகை முகம், மெழுகுவத்தி. அவற்றைப் படித்ததும் ரேவதிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ அக்கா, லின்யா செத்துட்டாங்களான்னு கேக்கறாங்க!"

கறுப்பு வெள்ளைப் படம், வெள்ளைப் பூ, ஊதுபத்தி மூன்றும் சேர்ந்தால் சீனர்களுக்கு அது சாவு வீடு. "உடனே நீக்குங்கள், திரையில் உங்களுக்கு இடமில்லை" என்று கோலாலம்பூர் மன்றத்தார் எழுதிவிட்டார்கள். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவள் தேம்பித் தேம்பி அழுததும் அடங்கிவிட்டது.

ரேவதியின் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வெள்ளைதானே கூடாது என்று கடைத்தெருவுக்கு ஓடி மஞ்சள் சாமந்தி வாங்கி வந்தார்.

"அதுவும் அவங்களுக்குச் சாவுப் பூதாம்ப்பா!"

"இன்னாமே இது! எந்தப் பூவத்தான் போடறது?" என்று மாலையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, செல்போனுக்கு முன்னால் தானே உட்கார்ந்தார். "நான் பேசறேன். நீ அவங்க பாஷையில எழுதிப் போடு."

பேசினார்:

"கோவிச்சுக்காதம்மா லின்யா. எங்க ஊருல உயிரோட இருக்கறவங்களுக்குத்தான் இவ்ளோ பெரிய மாலை. ஒங்கப்பாவும் சுரங்கத்துல இறங்கினவராம், நானும் இறங்கினவன். எங்கள எறக்கி ஏத்தற கேஜ் லிஃப்டு மேல வர்ற வரைக்கும் வீட்ல உசுரக் கையில புடிச்சிக்கினு இருப்பாங்க. உயிரோட இருக்கறவங்களச் செத்துட்டாங்கன்னு சொல்ற பாவத்த நாங்க பண்ணுவமா? நூறு வருசம் பாடு தாயி."

ரேவதி சீனத்தில் எழுத்துப் போட்டு அனுப்பினாள். பதில் இல்லை. மத்தியானம் பிரியாணி இருந்தும் அவள் சாப்பிடவில்லை.

மாலை ஐந்தரைக்குக் கச்சேரி நேரலை. தெருவே அந்தச் சின்ன வீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தது. திரையில் டோக்கியோ வந்தது, பினாங்கு வந்தது. பிறகு, சத்தியமாக, சாமந்தி மாலைக்குப் பக்கத்தில் ரேவதியின் அப்பா! வீடு இடிந்து விழாதது எங்கள் அதிர்ஷ்டம்.

லின்யா விழுந்து விழுந்து சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கில் ஏதோ சொன்னார்.

"இன்னாமே சொல்லுது?" என்றார் அப்பா.

ரேவதி தமிழில் சொன்னாள்: "'அப்பா, நான் பத்திரமா மேல வந்துட்டேன்'னு சொல்றாங்கப்பா."

அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"ஷிஃப்டு முடிஞ்சிதில்ல? போய்ச் சாப்பிடச் சொல்லு. நீயும் வந்து சாப்பிடு."