தண்ணீர் கடித்த வீடு

பெரியம்மாவிடம் விளிம்பு நசுங்கிய ஒரு பித்தளைச் செம்பு இருக்கிறது. பாறசாலையில் அவர்கள் வீட்டுக்கு எப்போது போனாலும் என் கண் முதலில் அதைத்தான் தேடும். மீன்குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று பெரியம்மாவின் தலையைக் குறிபார்த்துப் பெரியப்பா வீசிய செம்பு அது. குறி தப்பி, மீன்தொட்டியின் இரும்புச் சட்டத்தில் மோதி உள்ளே விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தார். கண்ணாடி உடையவில்லை, மீன்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று கண்டபிறகுதான் மூச்சு விட்டார். சுவரோரம் ஒட்டி நின்ற பெரியம்மாவை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த மீன்கள் அவருக்கு உயிர். மழைக்காலத்தில் குளிர்ந்துவிடுமாம்! நெய்யாற்றின்கரை கடையிலிருந்து தொட்டிக்குள் வைக்கும் கண்ணாடிக்குழாய் ஹீட்டரை முன்பே வாங்கி மாட்டியிருந்தார். பெரியம்மா இருமிக்கொண்டே பச்சைத் தண்ணீரில் குளித்தாள். இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

செம்பு விழுந்த மறுநாளிலிருந்து வீட்டில் மின்சாரம் அடிக்கடி நின்றது. மின்கசிவு இருந்தால் தானாக விழும் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தது. ஏன் விழுகிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, வயர்மேனைக் கூப்பிட்டு அதை விலக்கி நேராகக் கம்பி கொடுக்கச் சொன்னார் மனிதர். அதன்பிறகு தண்ணீர் கடிக்கத் தொடங்கியது. பெரியம்மா தொட்டியைக் கழுவக் கையை விடும்போதெல்லாம் தோள்வரை வெட்டி இழுத்தது. மீன்களும் ஒவ்வொன்றாக மல்லாந்தன. பெரியப்பாவுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. சர்க்கரை நோய்க்காக வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு போடுகிறவர் அவர் ஒருவர்தான். நாங்களெல்லாம் செருப்பைப் படியில் கழற்றிவிட்டு வருகிறவர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் ஆராதனை முடிந்து, அவித்த மரச்சீனிக் கிழங்கோடு நான் போனபோது பெரியம்மாவின் கன்னம் வீங்கியிருந்தது. பெரிய மீன் செத்துவிட்டது. இவள்தான் மருந்து கலக்கிக் கொன்றாள் என்று அடித்திருக்கிறார்.

“தண்ணி கடிக்கு, சத்தியமாக்கும்” என்றாள் பெரியம்மா.

“ஏட்டி, தண்ணிக்கு பல்லு உண்டா? இன்னா பாரு, என்னைக் கடிக்குதா?” என்று இடது கையை முழங்கைவரை தொட்டிக்குள் விட்டார்.

“போன வாட்டி கை விட்டப்போ எனக்கும் கடிச்சுது பெரியப்பா” என்றேன்.

“மிண்டாதிரி!” கோபம் முற்றினால் ‘பேசாதே’ என்பதுகூட அவருக்கு மலையாளத்தில்தான் வரும். இடது கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே குனிந்தார். பெரியம்மாவை அடிக்க வலது கையால் செருப்பைக் கழற்றி ஓங்கினார். வெறுங்கால் ஈரத்தரையில் பதிந்தது. ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. உடம்பு விறைத்து வாய் கோணியது. தொட்டியிலிருந்து கை வரவில்லை.

நான் பாய்ந்தேன். “தொடாதே மக்களே!” என்று என்னைப் பார்த்துப் பெரியம்மா அலறினாள். அவள் கை சுவரிலிருந்த சுவிட்சின்மேல் இருந்தது. ஒரு நொடி அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். பிறகுதான் சுவிட்சை அணைத்தாள். அவர் தரையில் சரிந்தார்.

மூச்சு திரும்பியதும், “எனக்கும் கடிச்சுது ஏட்டி” என்று அழுதார்.

“உங்களுக்கு ஒரே ஒரு வாட்டி ஆக்கும்” என்றாள் பெரியம்மா.

அன்றைக்கே நானும் பெரியம்மாவும் செருப்பு மாட்டிக்கொண்டு கசிவு எங்கே என்று தேடினோம். அவள் தொட்டியின் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட, நான் டெஸ்டரைத் தண்ணீரில் வைத்தேன். விளக்குக்கு டெஸ்டர் எரியவில்லை. காற்று ஊதும் மோட்டாருக்கும் எரியவில்லை. ஹீட்டருக்குப் பளிச்சென்று எரிந்தது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அதை வெளியே எடுத்தோம். கண்ணாடிக்குழாயில் முடி போல ஒரு கீறல். “இது எப்பிடி கீறிச்சு?” என்று படுக்கையிலிருந்து பெரியப்பா கேட்டார். பெரியம்மா அடுக்களைக்குப் போய் அந்தச் செம்பைக் கொண்டுவந்து அவர் நெஞ்சின்மேல் வைத்தாள்.

பிறகு வந்த பக்கவாதத்தில் இப்போது அவர் கிடக்கிறார். பேச்சு பாதி தெளியும். தொட்டி காலியாகிக் கிணற்றடியில் கிடக்கிறது. பெரியம்மா அவருக்கு வெந்நீர் ஆற்றிக் குடிக்கக் கொடுப்பது அந்தச் செம்பில்தான். சென்ற வாரம் நசுங்கிய விளிம்பு உதட்டில் கீறி ரத்தம் வந்துவிட்டது. “கடிக்கு… கடிக்கு…” என்று குழறினார்.

பெரியம்மா முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டு, சிரிக்காமல் கேட்டாள்: “செம்புக்கு பல்லு உண்டா?”