எழுபத்தொன்றுக்கும் எழுபத்திரண்டுக்கும் நடுவில்

இடது கால் நார்வேயில், வலது கால் சுவீடனில். ஓட்வார் முல்லிக்கா காப்பி குடிப்பது இப்படித்தான். புதர் அறுக்கும் எந்திரத்தை அணைத்து, காதுமூடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, மஞ்சள் பூசி எண்ணிட்ட எல்லைக் கற்குவியலின் மேல் குடுவையை வைப்பார். அந்நேரம் பார்த்துச் சட்டைப்பையில் கைபேசி நடுங்கும். 'நார்வேக்கு நல்வரவு.' ஒரு மிடறு இறங்குவதற்குள் இன்னொரு நடுக்கம். 'சுவீடனுக்கு நல்வரவு.' ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது இரண்டு தேசமும் அவரை வரவேற்றுக்கொண்டே இருக்கின்றன. "வா வான்னு கூப்பிடுறது சரி. உக்காருன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கிறான்" என்பார்.

காட்டுக்குள் எல்லை என்பது பத்து மீட்டர் அகலமுள்ள ஒரு வெற்றுப்பாதை. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஐந்து மீட்டர், அந்தப் பக்கம் ஐந்து மீட்டர். அதற்குள் மரம், கம்பம், கொட்டகை எதுவும் நிற்கக் கூடாது. காட்டுக்கு இது தெரியாது. ஒரே கோடையில் பூர்ச்ச மரக்கன்று முழங்கால் உயரம் வந்துவிடும். அதை அறுத்து எல்லையைக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்திருப்பதுதான் ஓட்வாரின் பிழைப்பு. இருபத்து நான்கு வருடமாக அவர். அதற்கு முன்னால் அவர் அப்பா. அறுத்ததை அள்ளிப் போடுவதில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. நார்வேயில் முளைத்த கன்று நார்வே ஓரத்துக்கு, சுவீடனில் முளைத்தது சுவீடன் ஓரத்துக்கு. எந்த அதிகாரியும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. கோட்டின் மேலேயே முளைத்த கன்று கைக்கு வந்தால் சற்று நேரம் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அறுபத்து மூன்று வயது. உதட்டுக்கடியில் எப்போதும் ஒரு புகையிலைப் பொட்டலம். வலது கைச் சுண்டுவிரலில் பாதியை எந்திரம் கொண்டுபோய்விட்டது. அந்தப் பாதி எந்த நாட்டில் விழுந்தது என்று யாராவது சீண்டினால், மனிதர் உண்மையிலேயே யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

அம்மா நார்வேக்காரி. அப்பா சுவீடன்காரர். அப்பாவின் பாட்டன் பூட்டன் எல்லோரும் நானூறு வருடத்துக்கு முன்னால் பின்லாந்திலிருந்து வந்து, காட்டை எரித்துச் சாம்பலில் ரை தானியம் விதைத்தவர்கள். அவர்கள் எரித்தபோது யார் காடு என்று யாரையும் கேட்கவில்லை. அந்த வழியில் ஓட்வாருக்கு மிஞ்சியது முல்லிக்கா என்ற குடும்பப் பெயரும் பதினோரு பின்லாந்துச் சொற்களும். பதினொன்றில் எட்டு, பாதிரியார் காதில் விழக் கூடாதவை. சுவீடன் பக்கத்துக் கடையில் அவர் வாயைத் திறந்தால் "நார்வேக்காரன் வந்துட்டான்" என்பார்கள். நார்வே பக்கத்தில் திறந்தால் "சுவீடன்காரா, என்ன சேதி?" என்பார்கள். இரண்டு பக்கமும் சிரித்துவைப்பார்.

குளிர்காலத்தில் பனிச்சறுக்குத் தொடரோட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். நார்வே முன்னால் போனாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், சுவீடன் எட்டிப் பிடித்தாலும் அடித்துக்கொள்ளும், நடுவில் பின்லாந்துக்காரன் புகுந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கடைசி ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது தொலைக்காட்சியை அணைத்துவிட்டு விறகு வெட்டப் போய்விடுவார். யார் ஜெயித்தார்கள் என்பதை மறுநாள் கடைக்காரர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.

இத்தனை குழப்பத்துக்கு நடுவில் அவரிடம் உறுதியான வாக்கியம் ஒன்று இருந்தது. யார் கேட்டாலும் அதைத்தான் எடுத்து வீசுவார். "பொறந்தது நார்வே, வளர்ந்தது சுவீடன், பாக்கி எல்லாம் காடு."

பிறந்தது நார்வே என்றால், அக்கா எல்டிரிட் இப்போது இருக்கும் அம்மாவின் தாய்வீட்டில். அந்த வீட்டில்கூட அல்ல, அதற்குப் பின்னால் எல்லைப் பாதையை ஒட்டி நிற்கும் புகைச் சவுனாவில். கட்டைகளை அடுக்கிக் கட்டிய இருட்டு அறை, புகைபோக்கி கிடையாது. காலையில் தீ மூட்டிக் கற்களைக் காயவைத்து, புகை வெளியேறிய பிறகு உள்ளே போய், சுடுகல்லில் தண்ணீர் வார்த்து ஆவியில் குளிப்பது. இந்தக் காட்டுச் சனங்கள் அங்கேதான் குளித்தார்கள், பெற்றார்கள், செத்தவர்களைக் கழுவினார்கள். இன்றைக்கும் ஒரு மரியாதை மாறவில்லை. கதவைத் தட்டும்போது "உள்ள ஆள் இருக்கு" என்று குரல் வந்துவிட்டால், தட்டியவர் வரி கேட்டு வந்தவரானாலும் சரி, பெண் கேட்டு வந்தவரானாலும் சரி, வெளியே உட்கார்ந்துவிட வேண்டியதுதான். உள்ளே இருப்பவரை யாரும் அவசரப்படுத்துவதில்லை.

நோய் பரவிய அந்த வருடம் ஓட்வாருக்கு முதல் அடி மார்ச் மாதத்தில் விழுந்தது. ஊர் மன்றத்தில் ஐந்து கொடிக்கம்பங்கள் உண்டு. ஐந்து நாட்டுக் கொடியிலும் ஒரே சிலுவைதான், நிறம் மட்டும் வேறு. வருடா வருடம் மார்ச் இருபத்து மூன்றாம் தேதி, ஐந்து வடநாடுகளின் ஒற்றுமை நாளன்று, ஓட்வார்தான் ஐந்தையும் ஏற்றுவார். ஒரே வேர், ஒரே சனம் என்று யாராவது பேசுவார்கள், எல்லோரும் கேக் தின்பார்கள். அந்த வருடம் அதற்கு ஒரு வாரம் முன்னால் எல்லை மூடப்பட்டது. காட்டுச் சாலையின் குறுக்கே லாரியில் பாறாங்கல் வந்து இறங்கியது. தாண்டினால் பத்து நாள் தனியறை வாசம். எழுபது வருடமாகக் கடவுச்சீட்டு என்றால் என்னவென்று தெரியாமல் இந்தப் பக்கம் பால் வாங்கி அந்தப் பக்கம் பெண் கட்டியவர்கள், பாறாங்கல்லின் இரண்டு பக்கமும் நின்று வாய் பிளந்தார்கள். ஓட்வார் கொடிகளை ஏற்றிவிட்டுக் கீழே தனியாக நின்றார். "ஒரே சனம்னு சொன்னது அவங்கதான். கல்லைக் கொண்டாந்து போட்டதும் அவங்கதான். நான் எதை நம்புறது?" என்று கடைக்காரரிடம் கேட்டார்.

அவருக்கு மட்டும் ஒரு தாள் கிடைத்தது. கோட்டிலிருந்து இரு பக்கமும் ஐந்து மீட்டர் வரை இவர் நடமாடலாம் என்று இரண்டு மொழியிலும் எழுதி, இரண்டு முத்திரை குத்திய தாள். காவலுக்கு நின்ற சிப்பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் வேலை என்று கேட்டான். "மேல" என்றார் ஓட்வார்.

செப்டம்பரில் கூட்டு ஆய்வு. இருபத்தைந்து வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு நாட்டு அளவையாளர்களும் எல்லை நெடுக நடந்து, பாதை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்னால் ஓட்வாருக்கு ஒரு மஞ்சள் பெட்டி வந்துசேர்ந்தது. செயற்கைக்கோளைப் பார்த்துக் கோட்டைச் சொல்லும் கருவி. அரை விரல் பிசகினாலும் கத்தும். அவர் அலட்சியமாகத்தான் இடுப்பில் மாட்டிக்கொண்டார். அப்பா போட்ட பாதையை ஒரு சாண் விலகாமல் அறுத்துவந்தவர் ஆயிற்றே.

எழுபத்தொன்றாம் கற்குவியல்வரை பெட்டி வாய் திறக்கவில்லை. அதைத் தாண்டியதும் கத்த ஆரம்பித்தது. எழுபத்திரண்டை அடைகிறவரை நிறுத்தவில்லை. பாதை அங்கே சுவீடன் பக்கமாகப் பன்னிரண்டு தப்படி வளைந்து திரும்பியிருந்தது. இருபத்து நான்கு வருடம் நடந்தும் அது வளைவு என்று அவருக்குத் தெரியாது. பெட்டியைச் சமாதானப்படுத்திக்கொண்டே நேர்க்கோட்டில் நடந்தார். கோடு அடர்ந்த தளிர்மரங்களுக்குள் புகுந்து எல்டிரிட்டின் சவுனாச் சுவரில் போய் முட்டியது. கதவும் பெஞ்சும் நார்வேயில் இருந்தன. அடுப்பு சுவீடனில்.

முதலில் பெட்டியைத் திட்டினார், எட்டு பின்லாந்துச் சொற்களும் செலவாயின. பிறகு அப்பாவை நினைத்தார். மேசையில் கரண்டி கோணலாக இருந்தால்கூட நிமிர்த்திவைக்கிற அப்பா. அவரா வளைத்தார்? சவுனா ஓரத்தில் காற்றில் விழுந்திருந்த ஒரு மரத்தை அறுத்து வளையங்களை எண்ணினார். நூற்று முப்பத்தொன்று வந்தது. மறுபடி எண்ணினால் நூற்று இருபத்தெட்டு. எப்படிப் பார்த்தாலும் அப்பாவுக்கும் முந்திய மரம், இரண்டு நாட்டுக்கும் ஒரே ராஜா இருந்த காலத்து மரம். நேர்க்கோட்டில் அதற்கு இருக்க உரிமையில்லை. அப்படியானால் அன்றிலிருந்து அறுத்தவர்கள், ஆய்வுக்கு வந்தவர்கள் எல்லோரும் இந்த வளைவிலேயே நடந்துபோனார்களா? அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. கோட்டுப்படி அறுத்தால் சவுனா நிற்கக் கூடாது.

மறுநாள் அக்காவிடம் கேட்டார். எல்டிரிட்டுக்கு எழுபத்து நான்கு வயது. எல்லை மூடிய நாளிலிருந்து பாதையின் நார்வே ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள், தம்பி கோட்டின் மேல் நிற்பார், ஐந்து மீட்டர் இடைவெளியில் பேசிக்கொள்வார்கள். அன்று அவள் மடியில் காட்டுப்பழச் சட்டி இருந்தது, இலை பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"அப்ப எழுபது வருஷமா வெளிநாட்டு அடுப்புலயா தண்ணி ஊத்திட்டு வர்றேன்?" என்றாள் அவள்.

அவர் சிரிக்கவில்லை. "எல்டிரிட், நான் எந்தப் பக்கம் பொறந்தேன்? பெஞ்சுப் பக்கமா, அடுப்புப் பக்கமா? நீதானே கூட இருந்த."

"அம்மா எங்கடா ஒரு எடத்துல நின்னா? நாலு சுவத்தையும் பிடிச்சுக்கிட்டு சுத்திச் சுத்தி வந்தா. நான் தண்ணி எடுத்துட்டுத் திரும்புறதுக்குள்ள நீ தரையில கெடந்த."

"தரையில எங்க?"

"கத்திக்கிட்டுக் கெடந்த. அதுதான் எனக்குத் தெரியும்."

அவள் இலையை ஊதித் தள்ளினாள். "அறுக்கப் போறியா?"

"பெட்டி கத்துது."

"அது கத்தட்டும். நீ என்ன சொல்ற? விறகு வெட்டப் போயிருவ, அதானே?"

அந்தச் சொல் அவரைச் சுட்டுவிட்டது. எந்திரத்தை முடுக்கினார். பத்து நாள் அறுத்தார். எழுபத்தொன்றிலிருந்து நேர்க்கோட்டில் சவுனாவுக்குப் பத்து தப்படி வரை வந்து நிறுத்தினார். எழுபத்திரண்டிலிருந்தும் வந்து பத்து தப்படியில் நிறுத்தினார். பழைய வளைவையும் சுத்தமாக அறுத்துவைத்தார். இப்போது அங்கே இரண்டு எல்லைகள் கிடந்தன. ஒன்று வளைந்தது, ஒன்று அறுந்தது. சவுனாவை இழப்பதா, இத்தனை காலம் கட்டிக் காத்த கோட்டை இழப்பதா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

ஆய்வு ஒரு வியாழக்கிழமை. காலையில் எழுபத்தொன்றாம் குவியலுக்கு வந்த ஓட்வார் அப்படியே நின்றுவிட்டார். சவுனாச் சுவரின் திறப்பிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. எல்டிரிட் தன் வாழ்நாளில் சனிக்கிழமை தவிர வேறு நாளில் அதை மூட்டியதில்லை.

பதினோரு மணிக்கு அளவையாளர்கள் வந்தார்கள். சுவீடன் ஓரத்தில் இங்கெயர்ட் என்ற அம்மாள், நார்வே ஓரத்தில் தாரால்ட் என்ற நெட்டை மனிதர். எங்கள் பக்கத்தில் ராஜாவைத் தவிர எல்லோரும் எல்லோரையும் 'நீ' என்றுதான் கூப்பிடுவோம், ஆகையால் பேச்சு சுருக்கமாக முடிந்தது. தாரால்ட் கையில் கருவி, இங்கெயர்ட் கையில் படிவம். இரண்டு எல்லைகளையும் பார்த்தார்கள். புகையையும் பார்த்தார்கள். அதற்குள் தீ அடங்கிவிட்டது.

நடு அளவை அறைக்குள்தான் எடுக்க வேண்டும். ஆனால் கதவு நார்வேயில் இருக்கிறது. இங்கெயர்ட் அதில் நுழைந்தால் தன் நாட்டு அடுப்பைப் பார்த்துவிட்டுப் பத்து நாள் தனியறைக்குப் போக வேண்டும். தாரால்ட் நுழையலாம், பெஞ்சுவரை. இருவரும் அவரவர் ஓரத்தில் நின்று சட்டத்தைப் புரட்டினார்கள். கடைசியில் இங்கெயர்ட்தான் கேட்டாள்.

"ஓட்வார், உங்கிட்ட அந்தத் தாள் இருக்கில்ல? ரெண்டு பக்கமும் அஞ்சு மீட்டர்?"

"இருக்கு."

"அப்ப நீ உள்ள போய்ப் பாத்துச் சொல்லு. கோட்டுல என்ன இருக்குன்னு நீ சொல்றத நான் எழுதிக்கிறேன்."

எல்டிரிட் நாற்காலியிலிருந்து தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்வார் எந்திரத்தைத் தரையில் வைத்தார். மஞ்சள் பெட்டியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். குனிந்து, தாழ்ந்த கதவுக்குள் போனார்.

உள்ளே இருட்டு. கரி பிடித்த சுவர். கற்களின் சூடு முகத்தில் அடித்தது. தரையை உற்றுப் பார்த்தார். எங்கும் ஒரே பலகை, ஒரே கறுப்பு. எந்த இடம் என்று காட்ட ஒரு கீறல்கூட இல்லை. பலகையில் உள்ளங்கையை வைத்தார், இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம். எல்லா இடமும் ஒரே சூடாக இருந்தது.

வெளியே இங்கெயர்ட் பொறுமையாகத்தான் நின்றாள். கொஞ்சம் கழித்துக் கூப்பிட்டாள். "ஓட்வார்? என்ன இருக்கு?"

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"உள்ள ஆள் இருக்கு."

தொடர்ந்து கல்லில் தண்ணீர் விழுந்து சீறும் ஓசை கேட்டது. இங்கெயர்ட் கோட்டுக்கு அப்பால் தாரால்டைப் பார்த்தாள். தாரால்ட் கருவியை மூடிவிட்டு வெட்டிய அடிமரம் ஒன்றில் உட்கார்ந்தார். அவளும் தன் பக்கத்தில் ஒன்றைத் தேடி உட்கார்ந்து, எழுபத்தொன்றுக்கும் எழுபத்திரண்டுக்கும் நடுவில் இருந்த கட்டத்தில் அவர் சொன்னதை அப்படியே எழுதினாள். அடுத்த ஆய்வு இருபத்தைந்து வருடம் கழித்து. எல்டிரிட் காப்பி போட எழுந்து போனாள்.

கதவு ஒரு சாண் திறந்தது. பாதிச் சுண்டுவிரல் உள்ள கை ஒன்று வெளியே வந்து, கைபேசியைப் படிக்கல்லில் குப்புற வைத்துவிட்டு, கதவை இழுத்துச் சாத்திக்கொண்டது.