சிவலட்சுமியின் பன்னிரண்டாவது படம்

எங்கள் மாதர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் என்னிடம் ஒரு தடித்த கோப்பு இருக்கிறது. பயனாளிகள் கோப்பு என்று அதற்குப் பெயர். உதவி தந்தவர்களுக்கு அனுப்பும் ஒவ்வொரு அறிக்கையிலும் ஒரு படம் ஒட்ட வேண்டும். படத்தில் ஒருவர் கொடுக்க வேண்டும், ஒருவர் வாங்க வேண்டும். கொடுக்கிறவர்கள் ஆளுக்கு ஆள் மாறுவார்கள். வாங்குகிறவர்களில் ஒரு முகம் மட்டும் மாறாது, அது சிவலட்சுமியின் முகம். கோழிக்குஞ்சுப் பெட்டியோடு ஒரு படம், மண்வெட்டியோடு ஒன்று, நுளம்பு வலையோடு ஒன்று. மலசலகூடத்தைத் தூக்கிக் கையில் கொடுக்க முடியாததால் அதன் கதவுப் பூட்டின் திறப்பை வாங்குகிறபோது ஒன்று. பதினைந்து வருடத்தில் பதினொரு படங்கள். எல்லாவற்றிலும் இரண்டு கையையும் நீட்டி, சற்றுக் குனிந்து, ஒரே மாதிரி நிற்கிறாள்.

அவளுக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. மல்லாவியிலிருந்து உள்ளே போகும் வாய்க்கால் ரோட்டின் கடைசியில், தண்ணீர் வந்து சேருமோ சேராதோ என்று தெரியாத இடத்தில் அவளுடைய வீடு. புருசன் செல்வராசா உழவு மெசின் ஓட்டுகிறவர். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் அவளுடைய தாயும் தகப்பனும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு, கையில் ஒரு தகரப் பெட்டியோடும் வயிற்றில் சிவலட்சுமியோடும் வன்னிக்கு வந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துத் தண்ணீரை நம்பி வந்து குடியேறிய எங்கள் ஆட்கள் அவர்களை வயல் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். பார்க்கப்போனால் நாங்களும் வந்தேறிகள்தான். இருபது வருடம் முந்தி வந்துவிட்டதால் ஊர்க்காரர் ஆகிவிட்டோம், அவ்வளவுதான்.

அவள் கம்பளி பின்னத் தொடங்கிய கதை கொஞ்சம் வெட்கக்கேடானது. யுத்தம் முடிந்து நாங்கள் எல்லோரும் முகாமில் கிடந்த காலத்தில் வெளிநாடுகளிலிருந்து உடுப்புப் பொதிகள் வந்தன. அனுப்பியவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள். தங்களுக்குக் குளிர்ந்ததால் எங்களுக்கும் குளிரும் என்று நினைத்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, ஆளுக்கு இரண்டு கம்பளிச் சுவெற்றர் கிடைத்தது. சிலர் அதால் பிடித்து அடுப்பிலிருந்து சட்டி இறக்கினார்கள். ஊர் திரும்பியதும் என் அம்மா ஒன்றை வயலில் நின்ற வெருளிக்குப் போட்டுவிட்டா. அந்த வருடம் குருவி வந்ததோ இல்லையோ, வெருளிக்குக் குளிரவில்லை.

அதே காலத்தில் ஒரு நிறுவனம் வந்து ஆறு நாள் பின்னல் பயிற்சி வைத்தது. கோழி வளர்ப்பு, தையல், மிக்சர் செய்தல் எல்லாவற்றையும் மற்ற நிறுவனங்கள் பிடித்துக்கொண்டதால் இவர்களுக்குப் பின்னல்தான் மிஞ்சியிருந்தது. நாங்கள் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலுக்காகப் போனோம். சிவலட்சுமி மட்டும் பின்னலுக்காகப் போனாள். பயிற்சி முடிந்ததும் நிறுவனம் ஊசிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டது. அவள் பழைய சைக்கிள் சில்லிலிருந்து நாலு கம்பியைக் கழற்றி, நுனியைச் சீமெந்துக் கட்டில் உரசிக் கூராக்கிக்கொண்டாள். இன்றைக்கும் அதே நாலு கம்பிதான்.

ஊரில் யாருக்கும் வேண்டாத சுவெற்றர்களை எல்லாம் வீடு வீடாகக் கேட்டு வாங்கினாள். வெருளியின் சுவெற்றரையும் விடவில்லை. ஒரு சுவெற்றரின் தையலை வெட்டி, நூலை முனையிலிருந்து உருவி, கதிரையின் முதுகில் சுற்றி எடுப்பாள். உருவிய நூல் நெளிநெளியாக நிற்கும். அதைத் தண்ணீரில் நனைத்து, கீழே ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் நெளிவு போய்விடும். அப்புறம் பந்தாகச் சுற்றி வைப்பாள். போர்வைக்கு வேறு வழி. நாலு பழைய நூல் சேலைகளை நிலத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக விரித்து, மூலைக்கு ஒரு செங்கல் வைத்து, வெட்டிய துண்டுகளை மேலே ஒட்டுப் போட்டு, கையால் ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே போவாள். நைலோன் சேலை கொடுத்தால் முகத்துக்கு நேரேயே திருப்பித் தந்துவிடுவாள். எங்கள் சங்கத் தலைவிக்கு அதில் இன்னும் கோபம்.

இப்படிச் செய்ததெல்லாம் எங்கே போனது என்றால், ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகளுக்கும் முதியோர் இல்லத்துக்கும். மார்கழிப் பனிக்கு வயது போனவர்களின் கால் விறைக்கும் என்று சொக்ஸ் பின்னிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அளவுக்கு அவளிடம் இருந்த ஒரே கால் செல்வராசாவின் கால். வரம்பிலும் சேற்றிலும் நடந்து அகன்றுபோன பாதம். அந்த அளவில் பின்னிய சொக்ஸுக்குள் ஒரு முதியவரின் இரண்டு காலும் சேர்ந்து போகும். அளவு பார்க்கிற நாட்களில் செல்வராசா அதைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் உலாவுவார்.

"நானும் உங்கட அம்மான்ர வெருளியும்தான் ரீச்சர் இஞ்ச குளிருக்கு உடுத்தின ஆக்கள்" என்று ஒருநாள் சொன்னார். நான் முன்பள்ளி நடத்துவதால் ஊரில் எல்லோருக்கும் ரீச்சர்.

இதெல்லாம் சும்மா போய்க் கொடுத்தது. படம் இல்லை. படம் இல்லாததால், எங்கள் கோப்பின்படி சிவலட்சுமி வாழ்க்கையில் யாருக்கும் எதையும் கொடுத்ததே இல்லை.

போன வருடக் கடைசியில் மலைநாட்டில் பெரிய மண்சரிவு. தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகள் வரிசையோடு மண்ணுக்குள் போனதை ரிவியில் பார்த்தோம். மிஞ்சியவர்கள் பள்ளிக்கூடங்களின் வெறும் சீமெந்துத் தரையில் குளிரில் படுத்திருந்தார்கள். எங்கள் சங்கமும் ஒரு லொறி அனுப்புவது என்று தீர்மானித்தது. வாங்கியே பழகிய ஊர் கொடுக்கப் போகிறது என்றதும் எல்லோருக்கும் தலைகால் தெரியாத புளுகம். அரிசி, சவர்க்காரம், பருப்பு என்று சேர்ந்தன.

சிவலட்சுமி கூட்டம் முடியும்வரை காத்திருந்து, மண்டபத்து வாசலில் என்னை மறித்தாள்.

"ரீச்சர், நான் போர்வையும் சொக்ஸும் சால்வையும் செய்து தாறன். ஆனா ஒண்டு கேக்கோணும்."

"கேளும்."

"குடுக்கேக்க படம் எடுப்பியள்தானே?"

"ஓம், எடுப்பம்."

"அப்ப இந்த முறை நான் குடுக்கிற பக்கம் நிக்கோணும். ஒரே ஒரு படம். பேந்து ஒருக்காலும் கேக்கமாட்டன்."

"அதுக்கென்ன" என்றேன். அதுக்கென்ன என்று சொல்வது எனக்கு மிக லேசாக வரும்.

ஐந்து கிழமையில் ஒன்பது போர்வை, இருபத்திரண்டு சோடி சொக்ஸ், ஐந்து கம்பளிச் சால்வை. எங்கள் பக்கத்தில் சால்வை என்றால் பிரமுகர்களின் தோளில் போடுவது, அவர்கள் அதைக் கழற்றிச் சாரதியிடம் கொடுப்பது. குளிருக்கும் சால்வை போர்த்தலாம் என்பதை அவளுடைய சால்வையைப் பார்த்துத்தான் பலர் தெரிந்துகொண்டார்கள். ஒன்பதாவது போர்வைக்குச் சேலை போதாமல், தன்னுடைய நீலச் சேலையையே வெட்டி நடுவில் வைத்திருந்தாள். அது அவள் மகள் பெரியபிள்ளையானபோது சாமத்திய வீட்டுக்கு எடுத்த சேலை.

லொறி வாடகையைத் தந்தவர் குகதாசன் என்பவர். கனடாவிலிருந்து வருடம் ஒருதரம் வந்து இறங்குவார், இறங்கினால் பிரதம விருந்தினர். விழா அன்று காலையில் வந்து, மேசையில் அடுக்கியிருந்த பொருட்களைப் பார்த்தார். முகம் தெளியவில்லை.

"சும்மா சாமானோட நிண்டு படம் எடுத்தா என்ன அர்த்தம் ரீச்சர்? வாங்கிறதுக்கு மலையக ஆக்கள் ஒராள் எண்டாலும் வேணும். அடையாளமாக் குடுத்துவைச்சா காணும்."

மலையகத்திலிருந்து ஒருவரை அரை மணித்தியாலத்தில் எங்கே பிடிப்பது? நான் யோசிக்கவில்லை. பேனையை எடுத்து நிகழ்ச்சி நிரலில் 'மலையக மக்கள் சார்பில் அடையாளமாகப் பெற்றுக்கொள்பவர்: திருமதி செல்வராசா சிவலட்சுமி' என்று எழுதினேன். பதினைந்து வருடம் அந்த இடத்தில் அந்தப் பெயரையே எழுதிய கை, தானாக எழுதிவிட்டது. அவள் கேட்டது எனக்கு மறந்துவிட்டது என்று சொல்லித் தப்பலாம். மறக்கவில்லை. மேடையில் எந்தப் பக்கம் நின்றால் என்ன, படம் படம்தானே என்று நினைத்தேன். அதை நினைக்க இப்போதும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

மங்கல விளக்கு, மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. குகதாசனுக்கு மாலை, பொன்னாடை, ஒரு பூங்கொத்து, ஒரு வாழ்த்து மடல். ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் வாங்கி, குனிந்து நிமிர்ந்து, மனிதர் களைத்துப் போயிருந்தார். சிவலட்சுமி முன்வரிசையில் இருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து, சட்டையை மினுக்கிப் போட்டிருந்தாள். பக்கத்தில் செல்வராசா.

நான் ஒலிவாங்கியில் அவளுடைய பெயரை மட்டும் கூப்பிட்டேன். மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் சிரித்துக்கொண்டே மேடைக்கு வந்து, நேரே மேசைக்கு இந்தப் பக்கமாக, கொடுக்கிறவர்கள் நிற்கும் இடத்துக்குப் போனாள். மல்லாவியில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் தவராசா கமராவுக்குப் பின்னாலிருந்து கையைக் காட்டினார்.

"அக்கா, அங்காலை போங்கோ. நீங்கள் வாங்கிற பக்கம்."

அவளுக்கு விளங்கவில்லை. "ஆரிட்ட வாங்கிறது?"

"ஐயாட்ட. மலையக ஆக்கள் சார்பில நீங்கள்தான் வாங்கிறியளாம். ரீச்சர் எழுதியிருக்கிறா."

சிவலட்சுமி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஒலிவாங்கியின் வயரைச் சரி செய்தேன். அதற்கு ஒரு பிழையும் இல்லை, இருந்தாலும் சரி செய்தேன்.

குகதாசன் கழுத்தில் சரிந்த பொன்னாடையை இழுத்துவிட்டு, கமராவுக்கு ஏற்றமாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். மேசையில் மேலாக இருந்தது அந்த நீலச் சேலை வைத்த போர்வை. சிவலட்சுமி அதைத் தானே எடுத்தாள். மடிப்பைத் தட்டி, இரண்டு கையிலும் ஏந்தி, அவர் முன்னால் நீட்டினாள்.

"பிடியுங்கோ ஐயா."

காலை முழுக்க வாங்கிய கை அல்லவா. யார் நீட்டினாலும் வாங்கும் பதத்தில் இருந்தது. குகதாசன் இரண்டு கையையும் நீட்டி, வழக்கம்போலக் குனிந்து, போர்வையை வாங்கினார். தவராசா படத்தை எடுத்தார்.

"இது நான் தைச்சது" என்றாள் சிவலட்சுமி. ஒலிவாங்கி பக்கத்தில் நின்றதால் மண்டபம் முழுக்கக் கேட்டது. "நாலு சேலை, பாரமா இருக்கும், கீழ போட்டிடாதேங்கோ. மலைநாட்டில வீடில்லாமக் கிடக்கிற சனத்திட்டச் சேத்துவிடுங்கோ. ஆர் தந்ததெண்டு கேட்டா மல்லாவிச் சிவலட்சுமி எண்டு சொல்லுங்கோ."

"ஓம், கட்டாயம்" என்றார் குகதாசன்.

முதலில் செல்வராசா கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். பாதிப்பேர் இதுவும் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது என்று நினைத்துத் தட்டினார்கள். அவள் மேடையால் இறங்கி நேரே வீட்டுக்குப் போய்விட்டாள். இன்னொருக்கால் மாறி எடுப்போம் என்று குகதாசன் சொன்னபோது, பற்றரி முடிந்துவிட்டது என்றார் தவராசா. அதற்குப் பிறகு அதே கமராவால் லொறியை இருபது படம் எடுத்தார்.

எங்கள் கோப்பில் ஒரு படத்துக்குக் கீழே இரண்டு கோடு இருக்கும். வழங்கியவர் என்ற கோட்டில் சிவலட்சுமியின் பெயரை எழுதினேன். பெற்றுக்கொண்டவர் என்ற கோட்டில் குகதாசனின் பெயரை எழுதினேன். முத்திரை குத்தி, அறிக்கையைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டேன். இதுவரை பதில் இல்லை.

படத்தில் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அவளுடைய வீட்டுக்குப் போனேன். முற்றத்து வேம்புக்குக் கீழே நின்று ஒரு சிவப்புச் சுவெற்றரை உருவிக்கொண்டிருந்தாள். படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் வாங்கிறார்" என்றாள்.

செல்வராசா எட்டிப் பார்த்தார். "பாவம், ஒரு சோடி சொக்ஸும் சேத்துக் குடுத்திருக்கலாம்."

நான் சிரிக்கவில்லை. "குறை நினையாதையும் சிவலட்சுமி. யோசிக்காம எழுதிப்போட்டன்" என்றேன்.

அவள் உருவுவதை நிறுத்தவில்லை. "மலைநாடு எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியாது ரீச்சர். ரிவியில பாத்ததுதான். நான் பிறந்தது உங்கட வளவுக்குப் பின்னால, வைக்கல் போருக்குப் பக்கத்துக் கொட்டில்ல. உங்கட அம்மாதான் சுடுதண்ணி வைச்சுக் குடுத்தவா. அப்ப உங்களுக்கு ஆறேழு வயசிருக்கும். நீங்களும் எட்டிப் பாத்திருப்பியள்."

எட்டிப் பார்த்தேன். நன்றாக நினைவிருக்கிறது. கொட்டிலுக்குள் அவள் அழுதது கேட்டு, அது ஆட்டுக்குட்டி என்று நினைத்து ஓடினேன். அவளைவிட முந்தி அவள் பிறந்த இடம் தெரிந்தவள் நான். அப்படியிருந்தும் அந்தத் தாளில் அவளை மலையக ஆள் என்று எழுதினேன். வெட்கமாக இருந்தது.

"கதிரை உடைஞ்சு போச்சு, நூல் சுத்த ஒண்டுமில்லை" என்றாள் சிவலட்சுமி. "கையை நீட்டுங்கோ ரீச்சர்."

நீட்டினேன். உருவிய சிவப்பு நூலை என் இரண்டு மணிக்கட்டிலும் வளையம் வளையமாக மாட்டிவிட்டு, எதிரே நிலத்தில் குந்தியிருந்து முனையைப் பிடித்துப் பந்தாகச் சுற்றத் தொடங்கினாள்.

"இன்னும் கொஞ்சம் குனியுங்கோ. நூல் இழுபடுது."

இரண்டு கையையும் நீட்டி, சற்றுக் குனிந்து, அரை மணித்தியாலம் நின்றேன். அவள் ஆறுதலாகத்தான் சுற்றினாள்.