சௌ சௌ குட்டியின் நாக்கு

இரண்டாயிரத்தை ஒட்டி வந்த ஒரு சித்திரை மாதம். அப்போது நான் சிவகாசிப் பக்கம் கால்நடை மருத்துவர். ஆடு, மாடு, கோழி என்றால் எனக்குப் பயமில்லை. நாய்கள் அதிகம் பார்த்ததில்லை.

காலை பத்து மணிக்குத் தங்கராஜ் வேகமாக உள்ளே வந்தார். பட்டாசு லேபிள் அச்சடிக்கும் பிரஸ் முதலாளி. கையில் கரடிக்குட்டி மாதிரி புசுபுசுவென்று ஒரு நாய்க்குட்டி.

“டாக்டரம்மா, நாக்கப் பாருங்க. வாங்கயில ரோஸ் கலராத்தான் இருந்துச்சு. இப்ப இங்க் குடிச்ச மாதிரி ஆயிருச்சு.”

வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கு, ஈறு, அண்ணம் எல்லாமே கருநீலம். எனக்குத் தெரிந்தவரை நாக்கு நீலமானால் மூச்சுத் திணறல், இல்லாவிட்டால் விஷம். வீட்டில் கெமிக்கல் ஏதாவது உண்டா என்று கேட்டேன். குட்டியைப் பார்த்துக்கொள்ளும் பேச்சியம்மாளின் கணவர் விஸ்வநத்தத்தில் பட்டாசுக்கு மருந்து கலக்கும் வேலை செய்வதாகச் சொன்னார். அந்த மருந்து பேச்சியம்மாளின் சேலையில் ஒட்டி வந்திருக்குமோ என்று தங்கராஜே சந்தேகப்பட்டார்.

“இருக்கலாம்” என்றேன்.

நான் டிரிப் ஏற்றுவதற்குள் அவர் வெளியே போய் வீட்டுக்குப் போன் போட்டு, பேச்சியம்மாளை உடனே வேலையை விட்டு அனுப்பிவிடச் சொன்னார். அது என் காதிலும் விழுந்தது. நான் டிரிப் ஊசியைக் குத்துவதிலேயே இருந்தேன்.

அரை மணி நேரம் போனது. சூடு நார்மல், நாடி நார்மல். குட்டி டிரிப் டியூபைக் கடித்து இழுத்து விளையாடியது. விஷம் ஏறிய குட்டி இப்படி இருக்காது. சென்னையில் இருந்த என் பேராசிரியருக்குப் போன் செய்தேன்.

சீனா நாய் என்று மட்டும் சொல்கிறார்கள் என்றேன். “சௌ சௌவா?” என்றார். ஒரு கணம் காய்கறியைச் சொல்கிறார் என்றே நினைத்தேன். பிறகு அவர் விளக்கினார். இந்த ஜாதிக் குட்டிகள் ரோஸ் நாக்கோடு பிறந்து, இரண்டு மாதத்துக்குள் கருநீலமாக மாறிவிடுமாம். கடவுள் வானத்துக்கு நீலம் பூசியபோது சிந்திய சொட்டுகளை நக்கிய நாய் இது என்று கதையும் உண்டாம். நம் ஊர் வெயில்தான் இதற்கு எமன் என்றார். மயிரை ஒட்ட வெட்டிவிடாமல் தினமும் சீவிவிட்டு, குளிர்ந்த தரையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். எல்லோரிடமும் ஒட்டாது, ஒருவரிடம்தான் உயிராக இருக்கும் என்றும் சொன்னார்.

ஊசியை எடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். தங்கராஜ் சிரித்தார். பேச்சியம்மாளைப் பற்றிக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

மத்தியானம் இருவரும் பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனோம். அவர் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தார். தவறு என்னுடையது, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் கையில் இருந்த குழாயை உருட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“பத்து நாளா புள்ளி புள்ளியாக் கருத்துட்டு வந்துச்சும்மா. வெயிலுக்கு ஈரத் தரையில போயிப் படுக்கும். வச்சதை வழிச்சுத் திங்கும். நோவு கண்டது அப்படித் திங்குமா? எங்கிட்ட யாரு கேட்டீக?”

தங்கராஜ் மறுநாளே வேலைக்கு வரும்படி கேட்டுக்கொண்டார். வானத்தை நக்கிய கதையைச் சொன்னேன்.

“நக்குனது அது. வீட்டுக்கு அனுப்புனது என்னைய” என்று சொல்லிப் பேச்சியம்மாள் சிரித்தார்.

மறுநாள் வேலைக்கு வந்தார். அந்த நாய் எட்டுக் கோடையைத் தாண்டியது. அதற்கு என் வைத்தியத்தைவிட அவர் போட்ட ஈரச் சாக்குதான் முக்கியக் காரணம்.

அதன் பிறகு எந்தப் பிராணி வந்தாலும், இதற்குத் தீனி வைப்பது யார் என்றுதான் முதலில் கேட்பேன். அவர் வெளியே நின்றால் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்வேன். அவர் பேசி முடிக்கும்வரை நான் ஊசியை எடுப்பதில்லை.